யளனகபக

ஜனவரி 3
அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அண்ணன் நேற்றிரவு விமானம் ஏறிவிட்டான். காலை ஆறு மணிக்கே கீழே ஷட்டரைத் தட்டுகிறார்கள். இறங்கிப் பார்த்தால் மூன்று பெண்கள், ஒரு பையன். “அக்கா, பிப்ரவரி எக்ஸாமுக்குப் பணம் கட்டிட்டோம்.” துக்கம் விசாரிக்க வந்தவர்கள் இல்லை, டைப்ரைட்டிங் கிளாசுக்கு வந்தவர்கள். கோபம்தான் வந்தது. சாவியைக் கொடுத்தேன்.

ஜனவரி 5
இன்றும் வந்தார்கள். மாடியில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ ஒருத்தர் மட்டும் தடுமாறுகிறார்.

ஜனவரி 8
கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் இந்தச் சந்தில் அப்பா இன்ஸ்டிட்யூட் ஆரம்பித்த காலத்தில் லஸ், மாட வீதி, ராயப்பேட்டை என்று திரும்பின பக்கமெல்லாம் டைப்ரைட்டிங் போர்டு தொங்குமாம். பள்ளிக்கூடம் முடித்தால் லோயர், அப்புறம் ஹையர். பெண் பார்க்க வந்தவர்கள்கூட டைப் தெரியுமா என்று கேட்ட காலம். 2011-ல் கோத்ரெஜ் டைப்ரைட்டர் தயாரிப்பு நின்றுபோன செய்தி பேப்பரில் வந்தபோது, அப்பா படித்துவிட்டு மடித்து வைத்தார். ரிப்பன் மாற்ற எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகும் இன்ஸ்டிட்யூட் ஓடியதற்குப் பழசின் மேல் பாசம் காரணமில்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தட்டச்சர் வேலைக்கு அந்த சர்டிபிகேட் வேண்டும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் பரீட்சையை மெஷினில்தான் எழுத வேண்டும். லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஐந்து ஸ்ட்ரோக் ஒரு வார்த்தை, பத்து நிமிடத்தில் 1,500 ஸ்ட்ரோக். இதைத் தாண்டினால் ஒரு குடும்பம் நிமிர்ந்துவிடும் என்பார் அப்பா. எத்தனையோ குடும்பம் நிமிர்ந்தும் இருக்கிறது. நாங்கள்தான் வாடகை பாக்கியோடு நின்றோம்.

ஜனவரி 9
அம்மா சாப்பிடவில்லை.

ஜனவரி 14
போகி. எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லை. அண்ணன் போனில், “பழசைக் கழிக்கிற நாள்தானே, அந்த இரும்பையெல்லாம் எடைக்குப் போட்டுடு” என்றான். கிலோ என்ன விலைக்குப் போகும் என்றும் விசாரித்து வைத்திருக்கிறான். அவன் பேசலாம். அவனுக்கு அப்பா கொடுத்தது பெருங்குடி ஃபாக்டரியில் செய்த ஃபேசிட், புத்தம் புதுசு. எனக்கு எப்போதும் ஜன்னலோரத்து நாலாம் நம்பர் ரெமிங்டன்தான். கீயெல்லாம் தொளதொளவென்று கிடக்கும். ஃபேசிட்டைக் கேட்டால், “நீ அதுல உட்காரு.” அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது.

ஜனவரி 21
அப்பாவின் கணக்கை மூட தி.நகர் உஸ்மான் ரோட்டில் உள்ள வங்கிக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த ஓர் அம்மா இறப்புச் சான்றிதழில் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “மயிலாப்பூர் மாஸ்டரா?” டீ நேரத்தில் வெளியே வந்து பேசினார்.

“கை மேல துண்டைப் போட்டு மூடிடுவாரும்மா. தப்பா அடிச்சா பேப்பரை உருவ விடமாட்டார். தப்போடயே கடைசி வரி வரைக்கும் போகணும். நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ரிப்பேர் பார்த்துட்டிருப்பார். அங்கேருந்தே, ‘மூணாவது மெஷின், கீழே பார்க்காதே’ன்னு குரல் வரும். எப்படி சார்னு கேட்டா, கீயைப் பார்த்து அடிக்கிறவங்களுக்கு ஒவ்வொரு எழுத்துக்கு முன்னாடியும் சத்தம் கொஞ்சம் நின்னு வரும்னார்.”

கொஞ்சம் தயங்கி, “ஆறு மாசம் ஃபீஸே வாங்கலை” என்றார்.

நான் நெகிழ்ந்திருக்க வேண்டும் போல. அந்த ஆறு மாசம் அம்மா யார் யாரிடம் கைமாற்று வாங்கினாளோ என்றுதான் மனசு ஓடியது. பனகல் பார்க் வரை நடந்தேன். வந்த பஸ்களை விட்டுக்கொண்டே நின்றேன்.

ஜனவரி 27
தடுமாறுகிற ஆள் அந்தப் பையன்தான். தமிழ் லோயர். சொல்லித்தர ஆளில்லை, நானே உட்கார்ந்தேன். முதல் பாடமான ‘யளனகபக’ விரலில் தானாக வந்தது. புள்ளியில் மாட்டிக்கொள்கிறான். புள்ளிக் கீயைத் தட்டினால் கேரேஜ் நகராது. ஆகவே புள்ளியை முதலில் தட்டிவிட்டு, அது உட்கார வேண்டிய எழுத்தை அப்புறம் அடிக்க வேண்டும். செல்போனில் பழகிய பிள்ளை எழுத்தை அடித்துவிட்டுப் புள்ளியைத் தேடுகிறான். அது அடுத்த எழுத்தின் தலையில் போய் ஏறிக்கொள்கிறது.

யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா பக்கம் போன ஆர். முத்தையா தமிழ் மொத்தத்தையும் இத்தனை கீக்குள் அடக்கிய கதையை ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை அப்பா சொல்வார். சுண்டலுக்கு நிற்கிறவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அரை மணியில் இடது மணிக்கட்டு வலித்தது. ஒன்பதாம் வகுப்பில் சைக்கிளோடு விழுந்து ஒடிந்தது, இன்னும் சரியாக மடங்காது.

பிப்ரவரி 2
தெப்பத்துக்குப் போகவில்லை. நாதஸ்வரம் வீடு வரை கேட்டது.

பிப்ரவரி 10
பரீட்சை மையத்துக்கு மெஷின்களை நாம்தான் கொண்டுபோக வேண்டும். அதற்குமுன் சர்வீஸ். திருவல்லிக்கேணியிலிருந்து மெக்கானிக் பாய் வந்தார். மண்ணெண்ணெய்யில் பழைய டூத் பிரஷ்ஷைத் தோய்த்து எழுத்துகளின் இடுக்கில் அடைந்த மையைத் தேய்த்து எடுத்தார். ‘ஞ’வின் வயிறெல்லாம் வெளியே வந்தது. நாலாம் நம்பருக்கு வந்ததும் கேட்டார்: “இதை டைட் பண்ணிடவாம்மா? மாஸ்டர் விடவே மாட்டார்.”

ஏன் என்றேன்.

“ரொம்ப வருஷம் ஆச்சு. கை ஒடிஞ்சு கட்டுப் பிரிச்ச பொண்ணு ஒண்ணு பழகுது, தொட்டா கீ கீழே போகணும்னார். ஒவ்வொரு ஸ்பிரிங்கா தளர்த்தினேன், நாள் முழுக்க இழுத்துச்சு. யாரோ ஸ்டூடன்ட்.”

டைட் பண்ண வேண்டாம் என்றேன். 2,800 ரூபாய் கூலி. ரிப்பன் தனி. சாயங்காலம் வீட்டுக்காரர் வாடகைக்கு ஆள் அனுப்பினார்.

பிப்ரவரி 11
தூக்கமில்லை.

பிப்ரவரி 16
அண்ணன் கூப்பிட்டான். எடைக்கடைக்காரன் எப்போது வரலாம் என்றான். எக்ஸாம் முடியட்டும் என்றேன். “முடிஞ்சதும்?” என்றான். குக்கர் விசில் அடித்தது, வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 24
கேரேஜ் ஆடாமல் இருக்கச் சணல் போட்டுக் கட்டி, மெஷினுக்கு மெஷின் நடுவே அம்மாவின் பழைய புடவைகளைத் திணித்து, குட்டியானையில் ஏற்றினோம். அடையாறு பாலம் தாண்டித் தரமணி. டிரைவர் வழியெல்லாம் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பையன் புள்ளிகளை ஒழுங்காக வைத்தேன் என்கிறான். ஒரு வரி விட்டுப்போயிற்றோ என்று சந்தேகமாம்.

திரும்பி வந்தால் ஷட்டர் வாசலில் ஓர் அம்மா, கூட ஒரு பெண். ஆகஸ்ட் பேட்ச் எப்போது என்று கேட்டார்கள். போர்டில் இருக்கும் ஃபீஸைச் சொன்னேன். “கொஞ்சம் கொஞ்சமா தரலாமா?” என்றார் அந்த அம்மா. அதற்குள் டிரைவர் இறக்குகூலி தனி என்று ஆரம்பித்துவிட்டான். முதலில் அவனைக் கவனிக்க வேண்டியிருந்தது.