மோர்ப்பந்தலில் ஒரு பின்னிரவு

ஆகஸ்ட் கடைசி வாரத்தில், இரவு பத்து மணிக்கு மேல் புதுச்சேரி – கடலூர் சாலையில் நின்றால் முதலில் காதில் விழுவது மாதா பாட்டு. தவளக்குப்பம் பக்கமிருந்து அது மெல்ல நெருங்கும். பிறகு சீரியல் பல்பு சுற்றிய தள்ளுவண்டிச் சப்பரம் கண்ணில் படும். அதன் பின்னால் காவி கட்டிய இருபது முப்பது பேர், முதுகில் பை, பையில் ஒளிரும் ஸ்டிக்கர். சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள். மொத்தம் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பாகூர் கொம்யூனுக்குள் கிருமாம்பாக்கம் வந்து சேரும்போது ஏறக்குறையப் பாதி வழி முடிந்திருக்கும்.

நான் வந்தது வேண்டுதலோடு இல்லை. நெடுந்தூரப் பந்தயங்களின் மேல் எனக்குப் பழைய கிறுக்கு ஒன்று உண்டு. எந்தப் பந்தயத்தை நேரில் பார்க்க ஆசை என்று யாராவது கேட்டால், ஒலிம்பிக் மாரத்தானைச் சொல்ல மாட்டேன், பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்பேன். பாரிஸிலிருந்து மேற்கே கடலோரத்துப் பிரெஸ்ட் வரை மிதித்துத் திரும்பும் சைக்கிள் பயணம், சுமார் 1,200 கிலோமீட்டர். 1891இல் ஒரு பாரிஸ் நாளிதழ் தொடங்கிவைத்தது. அந்த முதல் ஓட்டத்தில் ஷார்ல் தெரோன் என்பவர் தூங்காமல் மிதித்து 71 மணி 22 நிமிடத்தில் வந்து சேர்ந்தார். இன்று அது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஆகஸ்ட் மாதத்தில் நடக்கிறது. முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. 90 மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். அதே ஆண்டில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் ஓட்டங்களை முடித்துக் காட்டியவர்களுக்குத்தான் அனுமதி. இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் போய் வந்திருக்கிறார்கள்.

போனவர்கள் பேசும்போது பாரிஸைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. நடுச்சாமத்தில் ஏதோ ஒரு கிராமத்தில், வீட்டு வாசலில் மேசை போட்டு, காப்பியும் கேக்குமாக உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்தைப் பற்றித்தான் சொல்கிறார்கள். காசு வாங்க மாட்டார்களாம். நான் பார்க்க விரும்பியது அந்த வாசலை. அது 2027 வரை காத்திருக்கும். விசா, விமானச் செலவு வேறு. அதே ஆகஸ்டில், 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்த இந்தக் கிராமங்களின் வழியாகவும் ஒரு கூட்டம் போகிறதே என்று தோன்றியபோது பஸ் ஏறினேன்.

முதலில் இறங்கியது வில்லியனூரில். லூர்து மாதா கோயில் குளக்கரையில் உள்ளூர்க் குழு ஒன்று புறப்படத் தயாராக இருந்தது. 1877இல் பிரான்சிலிருந்து வந்த சுரூபம் உள்ள கோயில். கொஞ்ச தூரத்தில் திருக்காமீசுவரர் கோயில், அதன் வைகாசித் தேருக்கு அன்று பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்தார், இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். குழுவில் வயதான ஒருவர் விரல் இடுக்குகளில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "செருப்பு போடலியா ஐயா?" என்றேன். "வேண்டுதல் தம்பி. ஆனா மத்தியானம் தாரு சுடும். ஓரத்துல வெள்ளைக் கோடு போட்டிருக்கான் பாரு, அது மேலயே நடந்துடுவேன்" என்றார். கறுப்புத் தார் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும், வெள்ளைப் பூச்சு திருப்பி அனுப்பிவிடும். இதை எந்தப் பயிற்சியாளரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

அங்கிருந்து பாகூர் போகும் பஸ்ஸில் சன்னலோரம் கிடைத்தது. பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். ஏரியைப் பார்த்தால் சொன்னதில் தப்பில்லை என்று தெரியும். மூலநாதர் கோயிலில் சோழர் காலச் சிற்பங்கள் உண்டு. இருட்டுவதற்குள் சாலைக்குப் போக வேண்டியிருந்ததால் வாசலோடு திரும்பிவிட்டேன்.

கிருமாம்பாக்கத்தில் சாலையோரம் கீற்றுப் பந்தல். இரண்டு அண்டா மோர், ஒரு பெரிய பாத்திரத்தில் எலுமிச்சைச் சாதம், ஒரு முக்காலியில் தைலம், பஞ்சு, பேண்ட் எய்ட். பந்தலை நடத்தும் அக்காவின் நெற்றியில் திருநீறு. மோரில் கைநிறைய உப்பு அள்ளிப் போட்டார். கரிக்காதா என்று கேட்டேன். "நமக்குக் கரிக்கும். நடந்து வர்றவங்களுக்குக் கரிக்காது" என்றார். மணிக்கணக்கில் வியர்த்தவர் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைசுற்றும், மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். மாரத்தான்களில் இப்படி இறந்தவர்கள் உண்டு. அக்காவிடம் சோடியம் பற்றி எதுவும் பேசவில்லை. அவருக்குத் தேவைப்படவும் இல்லை.

பந்தலுக்குப் பின்னால் பாயில் ஒரு பையன் காலை நீட்டியிருந்தான். குதிகாலில் கோலிக்குண்டு அளவு கொப்புளம். கூட வந்தவர் ஊசியில் நூல் கோத்து, தீக்குச்சியில் காட்டி, ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுத்தார். நூலை உருவாமல் அப்படியே விட்டு வெட்டினார். நீர் நூல் வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும், தோல் உரியாது. வெளிநாட்டு நூறு மைல் ஓட்டங்களில் ஓடுபவர்களிடமும் இதே வைத்தியம் உண்டு. கிருமி புகும் வழி என்று மருத்துவர்கள் முகம் சுளிப்பார்கள். பையன் இரண்டு தப்படி வைத்துப் பார்த்தான், சிரித்தான், பையை மாட்டிக்கொண்டான்.

"கடலூர் எவ்ளோ தூரம் அண்ணே?" என்று ஒருவர் கேட்டார். "இதோ வந்துட்டீங்க, ரெண்டு கிலோமீட்டர்" என்றார் பந்தலில் இருந்தவர். உண்மையில் பத்துக்குக் குறையாது. உலகத்தில் எந்த நெடும் பந்தயம் ஆனாலும் சாலையோரத்தில் நிற்பவர்கள் இந்தப் பொய்யைச் சொல்லாமல் இருப்பதில்லை. கேட்டவரும் நம்பவில்லை, ஆனால் நடை கொஞ்சம் வேகமானது. வழியில் அவருக்கு இன்னொரு சோதனையும் உண்டு: கன்னியக்கோயில், முள்ளோடை என்று எல்லை நெருங்க நெருங்க மதுக்கடை விளக்குகள். காவி கட்டியவர்கள் அந்த வெளிச்சத்தைத் திரும்பிப் பார்க்காமல் கடப்பதையும் நான் பந்தயத்தின் ஒரு கட்டமாகவே கணக்கில் வைப்பேன்.

நெடுந்தூரச் சாதனைகளில் பெரியவை பலவும் பார்வையாளர் இல்லாமல்தான் நடந்தன. இவர்கள் போய்ச் சேரும் வேளாங்கண்ணிக்குத் தெற்கே இருக்கிறது கோடியக்கரை. 1954 மார்ச்சில் இலங்கையின் வல்வெட்டித்துறையிலிருந்து பாக் நீரிணையை நீந்தி நவரத்தினசாமி கரை ஏறியது அங்கேதான். சுமார் 27 மணி நேரம். 1971இல் ஆழிக்குமரன் ஆனந்தன் அதே நீரிணையை நீந்திப் போய்த் திரும்பி 51 மணி நேரத்தில் முடித்தார். 1984இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது உயிரைவிட்டார். 1971இன் அந்த இரண்டாம் இரவில், பாக் நீரிணை நடுவில், கூடப் போன படகிலிருந்து யார் அவருக்கு என்ன கொடுத்தார்கள், என்ன பொய் சொன்னார்கள்? அந்தப் படகில் எனக்கு ஓர் இடம் கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும். கடிகாரம் பிடித்தவர்கள் நேரத்தை எழுதிவைத்தார்கள், இதை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

இரண்டு மணிக்கு மேல் வருபவர்களின் முகம் வேறு. பேச்சு நின்றிருக்கும். ஒரு பெண் டம்ளரை வாங்கிக் குடிக்க மறந்து கையில் பிடித்தபடி நின்றார். தூக்கம் கெட்ட உடம்பு மூன்றாம் இரவில் இல்லாததைக் காட்டும்; மரத்தை மனிதனாக நினைத்து வணக்கம் சொன்ன சைக்கிள்காரர்களின் கதைகள் உண்டு. "உக்காரும்மா, அஞ்சு நிமிஷம் கண்ண மூடு, நான் எழுப்பறேன்" என்றார் அக்கா. ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம். அதற்கு மேல் விட்டால் கால் விறைத்துப்போய் எழவே முடியாது என்று பிறகு என்னிடம் விளக்கினார்.

பாரிஸ்–பிரெஸ்ட் பற்றி அவரிடம் சொன்னேன். ஜெயித்தவருக்கு என்ன தருவார்கள் என்றார். ஜெயிப்பவர் என்று யாரும் இல்லை என்றேன். "அப்போ நம்ம மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். அடுத்த குழுவின் பாட்டு கேட்க ஆரம்பித்திருந்தது. "சும்மா நின்னு பாத்துக்கிட்டே இருந்தா எப்படி சார்? அந்த டம்ளருங்கள எடுத்துக் கழுவுங்க" என்றார். பக்கெட்டின் முன்னால் குந்தினேன். விடியும்வரை டம்ளர் வந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகு போனவர்கள் எப்படி நடந்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், நிமிர்ந்து பார்க்க நேரமில்லை.