உடல்நிலை காரணமாக

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

போன வாரம் ஆலத்தூர் நாட்டுல மருத்துவ முகாம். கொல்லிமலைக்கு வந்தவங்களுக்குத் தெரியும், காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறணும். ஏறி வந்த பிறகும் ஊர்கள் நாடு நாடா தள்ளித் தள்ளித்தான் இருக்கும். முகாம் முடிஞ்சு பிபி மெஷினை மடக்கிட்டு இருந்தப்போ ஒரு பையன் வந்து நின்னான். நாமக்கல்ல காலேஜ், உடற்கல்வி படிக்கிறான். லீவுக்கு வந்து அப்பாவோட மிளகுத் தோட்டத்துல நிக்கிறான். சென்னையின் எஃப்சி ரசிகன். 2015, 2018 ரெண்டு கோப்பையைப் பத்தி எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுவான். அதுக்கப்புறம் என்னாச்சு தம்பின்னு கேட்டா மிளகு விலையைப் பத்திப் பேச ஆரம்பிச்சிடுவான்.

"சார், ஒரு சந்தேகமுங்க. காலேஜுக்கு ப்ராஜெக்ட் எழுதறேன். கால்பந்து சம்மேளனத்தோட பொதுச் செயலாளர் குஷால் தாஸ், 2022ல உடல்நிலை காரணமா ராஜினாமா பண்ணாருன்னு போட்டிருக்கு. அவரே போனாருங்களா, அனுப்பிட்டாங்களா? நீங்க டாக்டருதானுங்களே, சொல்லுங்க."

சிரிச்சிட்டேன். டாக்டர்னா இதெல்லாமா தெரியும்? ஆனா ஜீப்புல திரும்பி வர்ற வழியெல்லாம் அந்த ரெண்டு வார்த்தை கூடவே வந்துச்சு. ‘உடல்நிலை காரணமாக.’ அதை என் கையாலயே நான் எழுதியிருக்கேன். அதுக்குக் கடைசியில வர்றேன்.

முதல்ல கால்பந்து தெரியாதவங்களுக்காக நடந்ததைச் சொல்லிடறேன்.

அகில இந்திய கால்பந்து சம்மேளனம்தான் நம்ம தேசிய அணியை நடத்துற அமைப்பு. 2010ல இருந்து அதோட பொதுச் செயலாளர் குஷால் தாஸ். 2014ல ஐஎஸ்எல் ஆரம்பிச்சது, 2017ல 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவுல நடந்தது, எல்லாம் அவர் காலத்துலதான். அவருக்கு மேல தலைவரா இருந்தவர் பிரஃபுல் படேல். அப்போ இருந்த தேசிய விளையாட்டு விதிகள்படி தலைவர் பதவியில அதிகபட்சம் 12 வருஷம்தான் இருக்க முடிஞ்சது. அவரோட பதவிக்காலம் 2020 டிசம்பர்ல முடிஞ்சது. வழக்கு நிலுவையில இருக்குன்னு சொல்லித் தேர்தல் நடக்கவே இல்ல. 2022 மே 18 அன்னைக்கு உச்ச நீதிமன்றம் அவரை இறக்கிட்டு மூணு பேர் கமிட்டியை உட்கார வச்சது. முன்னாள் நீதிபதி அனில் தவே, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் குரேஷி, இந்திய அணியின் முன்னாள் கேப்டன் பாஸ்கர் கங்குலி.

அடுத்த மாசம் ஜூன்ல குஷால் தாஸ் மருத்துவ விடுப்புல போனார். சுனந்தோ தர் பொறுப்பு ஏத்துக்கிட்டார். அப்புறம் ராஜினாமா. காரணம், உடல்நிலை. 12 வருஷம் முடிஞ்சுது.

இதுல டாக்டரா நான் முதல்ல சொல்ல வேண்டியது, அவர் உடம்புக்கு என்னங்கிறது அவருக்கும் அவரோட டாக்டருக்கும் இடையில இருக்குற விஷயம். கேஸ் ஷீட்டைப் பார்க்காம "இவருக்கு ஒண்ணும் இல்ல, நடிக்கிறார்"னு சொல்ற உரிமை எனக்கும் இல்ல, ட்விட்டர்ல இருக்குற யாருக்கும் இல்ல. பதவியில இருக்குறவங்களுக்கும் ரத்தக்குழாய் அடைக்கும்.

இதே சம்மேளனத்துலயே அதுக்கு உதாரணம் இருக்கு. படேலுக்கு முன்னாடி 1988ல இருந்து தலைவரா இருந்தவர் பிரிய ரஞ்சன் தாஸ்முன்ஷி. மத்திய அமைச்சராவும் இருந்தவர். 2008 அக்டோபர்ல பக்கவாதம் வந்து விழுந்தார். பேச்சு, நினைவு எல்லாம் போச்சு. 2017 நவம்பர்ல இறக்குற வரைக்கும், ஒன்பது வருஷம், அப்படியேதான் படுக்கையில கிடந்தார். அவருக்குப் பதிலா உள்ளே வந்தவர்தான் படேல். உடல்நிலை காரணமா நாற்காலியை விட்டவர்னா அவர்தான். ராஜினாமாக் கடிதத்துல கையெழுத்துப் போட அவரால முடிஞ்சிருக்காது.

இரண்டாவது, தேதி. மேல இருந்தவர் போய் ரெண்டு மாசம் முடியறதுக்குள்ள கீழ இருந்தவரும் போறார்னா யாருக்கும் புருவம் உயரும். எனக்கும் உயர்ந்தது. ஆனா ஒண்ணுக்குப் பின்னாடி இன்னொண்ணு நடந்துட்டா, முன்னது பின்னதுக்குக் காரணம்னு ஆகிடாது. 2021ல தடுப்பூசி போடறப்போ இதைச் சொல்லிச் சொல்லியே எங்களுக்குத் தொண்டை வத்திப் போச்சு. ஊசி போட்ட வாரத்துல பசுமாடு கன்னு ஈன முடியாம செத்ததுக்கும் ஊசிதான் காரணம்னு ஒரு பெரியவர் எங்கிட்ட சண்டைக்கு வந்தார். ஊசி போட்டது அவருக்கு, மாட்டுக்கு இல்ல.

அப்போ எதை வச்சு முடிவு பண்றது?

எனக்குத் தெரிஞ்ச இடத்துல இருந்து சொல்றேன். அரசு ஆஸ்பத்திரியில சிகிச்சை முடியறதுக்குள்ள யாராவது கிளம்பிட்டா கேஸ் ஷீட்டுல எழுதி வாங்குவோம். ‘மருத்துவர் ஆலோசனையை மீறி, என் சொந்த விருப்பத்தின் பேரில், என் சொந்தப் பொறுப்பில் செல்கிறேன்.’ கீழே கையெழுத்து, இல்லன்னா கைநாட்டு. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்களைக் காப்பாத்துற வரி அது. ‘சொந்த விருப்பம்’ங்கிற வார்த்தையை இந்த நாட்டுல அரசு டாக்டர்கள் அளவுக்குத் தினமும் எழுதி வாங்குறவங்க பதிவாளர் ஆபீஸ்காரங்களா மட்டும்தான் இருக்கும்.

மலைக்கு வந்த புதுசுல ஒரு அம்மா. அறுபது வயசுக்கு மேல. நிமோனியா, ஆக்சிஜன் அளவு 91. அட்மிட் பண்ணி ரெண்டாம் நாள் காலையில, "நான் போறனுங்க சாமி"ன்னு எழுந்து உட்கார்ந்துட்டாங்க. யாரும்மா போகச் சொன்னாங்கன்னு கேட்டேன். "யாரும் சொல்லலீங்க. நானாத்தான் போறேன்." நான் பேப்பரை எடுத்துட்டேன். மை டப்பாவும் வந்தாச்சு.

ஸ்டாஃப் நர்ஸ் அக்காதான் பக்கத்துல உட்கார்ந்து, "ஊட்ல யாரு இருக்காங்க?"ன்னு கேட்டாங்க. மகனும் மருமகளும் கேரளாவுக்கு எஸ்டேட் வேலைக்குப் போயிருக்காங்க. வீட்டுல நாலாவது படிக்கிற பேரன் தனியா. ரெண்டு ஆடு. பையன் நேத்து ராத்திரி சாப்பிட்டானான்னே தெரியாது. அக்கா ஊர்ல இருக்குற நர்சம்மாவுக்குப் போன் போட்டாங்க. அரை மணி நேரத்துல பேரன் பக்கத்து வீட்டுக்குப் போயிட்டான், ஆடும் போயிடுச்சு. அந்த அம்மா மறுபடி படுத்துக்கிட்டாங்க. நாலு நாள் இருந்து குணமாகித்தான் போனாங்க.

மேல சொன்ன அந்த வரியில கைநாட்டு வாங்கியிருந்தா, சட்டப்படி அது ‘சொந்த விருப்பம்’தான். ஆனா பேரனுக்கு ஒரு வழி பண்ணினதும் அந்த விருப்பம் காணாமப் போயிடுச்சு பாருங்க.

அதுல இருந்து நான் கேட்குறது இதுதான். இவர் போகாம இருந்திருக்க முடியுமா? இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? போகணும்னு எழுதின பேப்பர்ல என்ன காரணம் இருக்குங்கிறது ரெண்டாம் பட்சம்.

இதைக் கால்பந்துக்கு வச்சுப் பாருங்க. மே 18 தீர்ப்பே வரலைன்னு வச்சுக்குவோம். படேல் அப்படியே தொடர்றார். குஷால் தாஸுக்கு அதே உடல்நிலை. அப்போ என்ன நடந்திருக்கும்? பெரும்பாலும் மருத்துவ விடுப்பு எடுப்பார், சிகிச்சை எடுப்பார், திரும்பி வந்து அதே நாற்காலியில உட்காருவார். விடுப்பு வரைக்கும் நோய் போதும். ராஜினாமாவுக்கு வேற ஏதோ ஒண்ணு கூட வேணும். அது நீதிமன்றம் போட்ட கமிட்டியா, 12 வருஷக் களைப்பா, ரெண்டும் சேர்ந்ததான்னு நீங்க உங்க கணக்கைப் போட்டுக்கலாம். என் கணக்குல, நோய் உண்மையாவே இருந்திருந்தாலும்கூட அந்தப் போக்கை முழுசா ‘தானா போனது’ன்னு எழுத எனக்குக் கை வராது. துரத்திட்டாங்கன்னும் எழுத மாட்டேன். கதவு சாத்தறதுக்கு முன்னாடி வெளியே வந்துட்டார்னு வேணா எழுதுவேன்.

கதவு சாத்தறதுன்னதும் ஞாபகம் வருது. 2015 மே 27 அன்னைக்கு ஜூரிச் ஹோட்டல்ல ஃபிஃபா ஆளுங்களைப் போலீஸ் தூக்கிட்டுப் போனாங்க. 29ந் தேதி செப் பிளாட்டர் மறுபடி தலைவரா ஜெயிச்சார். ஜூன் 2ந் தேதி பதவி விலகறேன்னார். அந்த மாசக் கடைசியில, நான் ராஜினாமா பண்ணலையே, பதவியை மாநாட்டுக்கிட்ட ஒப்படைச்சேன், அவ்வளவுதான்னு விளக்கம் வேற. நம்ம ஊர் கதை கிரிக்கெட்டுல. 2013, அதே ஜூன் 2, சென்னைக் கூட்டத்துல என். சீனிவாசன் கிரிக்கெட் வாரியத் தலைவர் பதவியில இருந்து ‘ஒதுங்கி’ நின்னார். விலகல் இல்லீங்க, ஒதுங்கல். தமிழ்ல இருக்குற அழகான வினைச்சொல் எல்லாம் இவங்களுக்குத்தான் பயன்படுது.

குஷால் தாஸுக்குப் பின்னாடி வந்தவர் கதை நேர் எதிர். ஷாஜி பிரபாகரன், 2022 செப்டம்பர்ல பொறுப்புக்கு வந்தார். 2023 நவம்பர்ல ‘நம்பிக்கை மீறல்’னு காரணம் சொல்லி சம்மேளனம் அவரை நீக்கிடுச்சு. அவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். யார் பக்கம் நியாயம்னு நான் சொல்ல வரல. ஆனா நீக்கினாங்கன்னு வெளிப்படையா இருந்ததால எதிர்த்து வழக்குப் போட ஒரு காரணம் கையில இருந்தது. ‘உடல்நிலை காரணமாக’ன்னு முடிஞ்சு போன விஷயத்துல யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது. போறவருக்கு மரியாதை மிச்சம், அனுப்புறவங்களுக்கு விசாரணை மிச்சம். பார்த்துட்டு இருக்குற ரசிகனுக்கு மட்டும் ஒண்ணும் தெரியாது.

இனி என் கதை.

மலைக்கு வர்றதுக்கு முன்னாடி, கீழே சமவெளியில ஒரு ஊர். எம்பிபிஎஸ் முடிச்சு வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம்கூட ஆகல. ஓபியில ஒருத்தர் வந்தார். நாற்பத்தஞ்சு வயசு இருக்கும். ஒரு தனியார் கம்பெனியில 17 வருஷமா ஸ்டோர்ல வேலை. சுகர், பிபி ரெண்டும் இருக்கு, எங்ககிட்டதான் மாத்திரை வாங்குறார். "கம்பெனியில மெடிக்கல் சர்டிபிகேட் கேட்குறாங்க சார்"ன்னார். எதுக்குன்னு கேட்டேன். "சும்மா, ஃபைலுக்குன்னு சொன்னாங்க."

வெளியே நூறு பேர் நிக்கிறாங்க. எழுதிக் கொடுத்தேன். நீரிழிவு நோய், உயர் ரத்த அழுத்தம், தொடர் சிகிச்சையும் ஓய்வும் தேவை. ஒரு வார்த்தை பொய் இல்ல. இன்னைக்கு எடுத்துப் பார்த்தாலும் அதுல ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியாது.

அடுத்த மாசம் மாத்திரைக்கு வந்தப்போ சொன்னார். வேலை போயிடுச்சு. கம்பெனியில ஆள் குறைக்கிறாங்க. இவர்கிட்ட மட்டும், உங்களுக்குத்தான் உடம்பு சரியில்லையே, நீங்களே எழுதிக் கொடுத்துட்டா கௌரவமா இருக்கும்னு சொல்லியிருக்காங்க. உடல்நிலை காரணமா விலகறேன்னு எழுதி, என் சர்டிபிகேட்டை அதோட பின் பண்ணி வாங்கிக்கிட்டாங்க.

வக்கீலா இருக்குற நண்பன்கிட்ட அன்னைக்கு ராத்திரி கேட்டேன். அப்போ இருந்த தொழில் தகராறுகள் சட்டம், 1947. ஆட்குறைப்புன்னா வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. தானா விலகினா அது ஆட்குறைப்புல வராது. தொடர்ந்த உடல்நலக் குறைவால நீக்கினாலும் வராது. அவருக்கு மாசச் சம்பளம் 14,000. 17 வருஷம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 1,19,000 ரூபாய். அவர்கூட வேலை பார்த்து, சுகர் இல்லாத ரெண்டு பேருக்கு இழப்பீடு கிடைச்சிருக்கு.

கையெழுத்து மிரட்டி வாங்கினதுன்னு வழக்குப் போடலாம்னு நண்பன் சொன்னான். அவர்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "அதெப்படி சார் நிக்கும்? நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே"ன்னார். கோபமா சொல்லல. அதான் எனக்கு இன்னும் மறக்கல. மாத்திரை வாங்கிட்டு, வரிசையில அடுத்தவருக்கு வழி விட்டுட்டுப் போயிட்டார்.

பெரிய பதவியில இருந்தவரையும் இவரையும் ஒரே தராசுல வைக்கல. ஒருத்தருக்குப் பின்னாடி வக்கீல், நண்பர்கள், அடுத்த வேலை எல்லாம் இருக்கும். இவருக்குப் பின்னாடி ஓபி வரிசைதான் இருந்துச்சு. ஆனா ரெண்டு பேர் பேப்பர்லயும் இருக்குறது அதே ரெண்டு வார்த்தை.

அதுல இருந்து ஒரு பழக்கம் வந்திருக்கு. யார் சர்டிபிகேட் கேட்டாலும் எதுக்கு, யார் கேட்டாங்க, என்னைக்குள்ள வேணும்னு மூணையும் கேட்டுட்டு ஓபி சீட்டுலயே எழுதி வச்சிடுவேன். "இந்த டாக்டர் ரொம்ப நோண்டறாருங்க"ன்னு ஒரு பேர் மலையில இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்.

பையனுக்கு நேத்துப் போன் பண்ணினேன். "ராஜினாமா செய்தார்னு எழுது. உடல்நிலையைக் காரணமாகக் குறிப்பிட்டார்னு எழுது. குறிப்பிட்டார்ங்கிற வார்த்தையை விட்டுடாத. அதுக்கு மேல் வரியில மே 18 தீர்ப்பைத் தேதியோட எழுது. படிக்கிறவங்க பார்த்துக்குவாங்க."

"அவரே போனாரா, அனுப்பிட்டாங்களான்னு எழுத வேண்டாமுங்களா? எங்க சார் கேட்பாருங்க."

கேட்டா என் நம்பரைக் கொடுன்னு சொல்லியிருக்கேன்.