திரையில் தோன்றும் புள்ளிகள்

ஆசிரியப் பணியில் இருப்போர் ஒவ்வொரு நாளும் காலையில் செய்யும் முதல் வேலை வருகைப் பதிவேட்டைத் திறப்பதுதான். வந்தவர், வராதவர் என்று குறித்துவிட்டுப் பாடத்திற்குச் செல்கிறோம். அந்தப் பதிவேட்டைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு என் பெரியப்பாவின் நினைவு வரும். அவர் ஆசிரியர் அல்லர். தொடருந்துத் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால், இளமையில் சில ஆண்டுகள் வானத்திற்கு வருகைப் பதிவு எடுத்தவர்! அது என்ன வேலை என்பதையும், அதிலிருந்து நான் காலந்தாழ்த்திக் கற்றுக்கொண்ட பாடத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பெரியப்பா கடைசிக் காலத்தில் பிரிக்பீல்ட்சில் குடியிருந்தார். பள்ளி விடுமுறைகளில் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ஏறி, சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, அவர் வீட்டுக்கு நடந்து போவேன். 2009ஆம் ஆண்டு இறுதி விடுமுறையில் ஒரு நாள், அலமாரியிலிருந்து பழைய நிழற்படம் ஒன்றை எடுத்துக் காட்டினார். சீருடை அணிந்த பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள். சீனர், மலாய்க்காரர், வெள்ளையர், நம்மவர் எல்லாரும் கலந்து நின்றார்கள். இரண்டாம் வரிசையில் ஒல்லியாக நின்றவர் பெரியப்பா.

“பெரியப்பா, நீங்கள் இராணுவத்தில் இருந்தீர்களா?” என்று வியப்போடு கேட்டேன்.

“முழு இராணுவம் இல்லையம்மா. சனி, ஞாயிறு இராணுவம்!” என்று சிரித்தார்.

1950ஆம் ஆண்டில் இந்நாட்டில் மலாயா துணை விமானப்படை அமைக்கப்பட்டது. அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வேறு தொழில் செய்துகொண்டு, ஓய்வு நேரத்தில் பயிற்சி பெற்ற தொண்டர்கள். கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய மூன்று இடங்களிலும் அதற்குப் பறக்கும் பிரிவுகள் இருந்தன. கோலாலம்பூர்ப் பிரிவு சுங்கை பீசி விமானத் திடலிலிருந்து இயங்கியது. இவை தவிர, ரேடார் திரையைப் பார்த்துப் போர் விமானங்களுக்கு வழி சொல்லும் தரைப்பிரிவுகளும் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் இத்தகைய தொண்டர் பிரிவுகள் பல நகரங்களில் உருவாயின. அதே முறைதான் இங்கும் பின்பற்றப்பட்டது. பெரியப்பா அப்போது பிறையில் தொடருந்து அலுவலக எழுத்தர். படகில் கடலைக் கடந்து பினாங்குத் தீவிலிருந்த பிரிவுக்குப் போய் வந்தார்.

அவர் சேர்ந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. 1941 டிசம்பர் 11ஆம் நாள் சப்பானிய விமானங்கள் ஜோர்ச் டவுன் மீது குண்டு வீசின. விமானங்களைக் கண்ட மக்கள் ஓடி ஒளியவில்லை. தெருவுக்கு வந்து அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். மாண்டவர்கள் ஏராளம். பெரியப்பாவுக்கு அப்போது பத்து வயது. தெருவில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். “எல்லாரும் பார்த்தோம், யாருக்கும் எதுவும் தெரியவில்லை” என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அந்நாளைப் பற்றி அவர் பேசவில்லை.

ரேடார் வேலையைப் பற்றிக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் பிறந்தது. வானொலி அலை நொடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. 150 கிலோமீட்டர் தொலைவில் பறக்கும் விமானத்தின் மீது பட்டுத் திரும்பி வர, ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிதான் ஆகும். அந்த எதிரொலி இருட்டறைத் திரையில் ஒரு புள்ளியாகத் தோன்றும். திரைமுன் இருப்பவர் அதன் இடத்தை எண்களால் சொல்வார். தலையில் ஒலிவாங்கி மாட்டிய இன்னொருவர் அதைப் பெரிய வரைபடத்தில் குறிப்பார். விமானங்களின் விவரங்களை ஓர் ஒளிபுகும் பலகையில் எழுதுவதும் உண்டு. எழுதுபவர் பலகைக்குப் பின்னால் நிற்பார். அதிகாரிகள் முன்னால் இருப்பார்கள். ஆகவே எண்களையும் எழுத்துகளையும் இடம் வலமாகத் திருப்பி எழுத வேண்டும். பெரியப்பா அதில் கைதேர்ந்தவராம். அன்று என் பெயரை ஆங்கிலத்தில் அப்படியே திருப்பி எழுதிக் காட்டினார். கண்ணாடியில் பிடித்துப் பார்த்தேன், அச்சடித்ததுபோல் இருந்தது.

வார நாள்களில் ஒரு மாலை வகுப்பு, வார இறுதியில் திரைமுன் பயிற்சி, ஆண்டுக்கொரு முறை இரண்டு வார முகாம். பயிற்சியின்போது நம் விமானம் ஒன்றே பகை விமானமாக நடிக்கும். இன்னொன்றை அதனிடம் கொண்டு சேர்க்கும்படி, திசையையும் உயரத்தையும் தரையிலிருந்து சொல்லிப் பழகுவார்கள். தவறாகச் சொன்னால் விமானி வெறும் மேகத்தைத்தான் சந்திப்பார்! திங்கட்கிழமை காலையில் எல்லாரும் தத்தம் அலுவலக மேசைக்குத் திரும்பிவிடுவார்கள்.

அப்போது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. 1948 முதல் 1960 வரை இந்நாட்டில் அவசரகாலம். சண்டை நடந்ததெல்லாம் காட்டுக்குள். காட்டில் இருந்தவர்களிடம் ஒரு விமானம்கூட இல்லையே!

“அப்படியானால் யாருக்காகக் காத்திருந்தீர்கள், பெரியப்பா?”

“யாரும் வரவில்லையம்மா. நான் இருந்த காலம் முழுவதும் ஒரு பகை விமானமும் வரவில்லை. எங்கள் வேலை, வழக்கமாக வருபவர்களைத் தெரிந்து வைத்திருப்பது.”

பிறகு விளக்கினார். மலைகளும் எதிரொலி தரும். மாலை மழைமேகமும் தரும். புதிதாக வந்தவர் எல்லாவற்றையும் விமானம் என்பார். பல மாதம் பார்த்த பிறகுதான் இது மலை, இது மழை, இது நாள்தோறும் இதே நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து வரும் பயணிகள் விமானம் என்று தெரிய வரும். வழக்கத்தை நன்கு அறிந்தவர் கண்ணுக்குத்தான் வழக்கம் மாறியது படும். அமைதிக் காலத்தில் அவர்கள் செய்த வேலை அவ்வளவுதான்.

பேச்சினூடே என்னைப் பார்த்துக் கேட்டார்: “உன் வகுப்பில் எத்தனை பிள்ளைகள்?”

“முப்பத்திரண்டு.”

“எண்ணுகிறாயா, பார்க்கிறாயா?”

நான் சிரித்து வைத்தேன். அவர் 2013இல் காலமானார்.

பார்ப்பது மட்டும் போதாது என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. 1941 டிசம்பர் 7ஆம் நாள் காலை, ஹவாயின் ஒப்பானா என்னும் இடத்தில் இரண்டு இளம் வீரர்கள் ரேடார் முன் அமர்ந்திருந்தனர். ஏழு மணிக்கே அவர்களின் வேலை நேரம் முடிந்துவிட்டது. காலை உணவுக்கு அழைத்துச் செல்லும் வண்டி வராததால் கருவியை நிறுத்தாமல் பழகிக்கொண்டிருந்தனர். ஏழு மணி இரண்டு நிமிடத்திற்கு, ஏறத்தாழ 210 கிலோமீட்டர் தொலைவில், அவர்கள் அதுவரை கண்டிராத அளவுக்குப் பெரிய எதிரொலி தோன்றியது. தொலைபேசியில் தெரிவித்தார்கள். மறுமுனையில் இருந்த அதிகாரி, அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய சொந்த விமானங்கள் என எண்ணி, கவலைப்பட வேண்டாம் என்றார். ஒரு மணி நேரத்திற்குள் பேர்ல் துறைமுகத்தில் குண்டுகள் விழுந்தன.

நம் நாட்டிலும் நெஞ்சை அழுத்தும் நிகழ்வு ஒன்று உண்டு. 2014 மார்ச் 8ஆம் நாள் 239 பேருடன் புறப்பட்ட எம்எச் 370 விமானம் திசை திரும்பித் தீபகற்பத்தைக் கடந்து சென்றதை இராணுவ ரேடார் பதிவு செய்திருந்தது. பகை விமானம் அல்ல என்று கருதப்பட்டதால் அந்நேரத்தில் மேல்நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை. யாரையும் குறை கூற இதை நான் எழுதவில்லை. குறை கூறும் தகுதி எனக்கு இல்லை என்பதை அடுத்து வருவதைப் படித்தால் அறிவீர்கள்.

2016ஆம் ஆண்டில் நான் நான்காம் ஆண்டு வகுப்பாசிரியை. என் வகுப்பில் ஒரு மாணவன். தொல்லை தராதவன், கையெழுத்து அழகு, ஒரு நாளும் விடுப்பு எடுக்காதவன். வகுப்புக்கு முதலில் வந்து சன்னல்களைத் திறந்து வைப்பது அவன்தான். மே மாதத்தில் சன்னல்களை வேறு பிள்ளைகள் திறக்கத் தொடங்கினார்கள். அவன் மணி அடிக்கும் நேரத்தில் வந்தான். உரக்க வாசிப்பவன் குரல் தாழ்ந்தது. ஓய்வு வேளையில் தலையைக் கவிழ்த்து உறங்கினான். இவை அனைத்தையும் நான் கண்டேன். பதிவேட்டில் ‘வந்தான்’ என்றே நாள்தோறும் குறித்தேன். நல்ல பிள்ளை, அவனுக்கென்ன குறை இருக்கப் போகிறது என்பது என் எண்ணம்.

ஆறு வாரங்கள் கழிந்தன. ஒரு நாள் தமிழ்க் கட்டுரை ஏட்டைத் திருத்தும்போது, பாதிப் பக்கத்தில் எழுத்து கோணலாகி நின்றுபோயிருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே உறங்கிவிட்டான் போலும். அப்போதுதான் பெரியப்பாவின் கேள்வி என் காதில் விழுந்தது. அவனைத் தனியே அழைத்து உட்கார வைத்துக் கேட்டேன். அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறாம். அப்பாவுக்கு இரவு வேலை. இரண்டு வயதுத் தங்கையை இரவெல்லாம் அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். விடியற்காலையில் அவளுக்குப் பாலும் கலக்கிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறான்.

“ஏனப்பா என்னிடம் சொல்லவில்லை?” என்றேன்.

“நீங்க கேக்கவே இல்லையே, டீச்சர்” என்றான். குற்றம் சாட்டும் தொனி சிறிதும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான்.

பிறகு தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் உதவினார்கள். அத்தை ஒருவர் வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டார். மறுமாதம் சன்னல்களை மீண்டும் அவனே திறந்தான். ஆனாலும் அந்த ஆறு வாரங்களை நான் அவனுக்குத் திருப்பித் தர முடியாது.

அன்றுமுதல் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கிறேன். நாளொன்றுக்கு ஐந்து மாணவர். ஒருவருக்கு ஒரு வரி. யார் பக்கத்தில் அமர்கிறான், என்ன உண்கிறாள், எப்படி வாசிக்கிறான் என்று எழுதுவேன். பெரும்பாலும் ‘வழக்கம்போல்’ என்றுதான் எழுதுகிறேன். பக்கம் பக்கமாக ‘வழக்கம்போல்’ என்று இருப்பதைக் கண்டு உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் சிரித்தார். மாறியது தெரிந்தால் அன்றே கேட்டுவிடுகிறேன். பத்துக்கு எட்டு முறை ஒன்றும் இருக்காது. பூனைக்குட்டி காணாமல் போயிருக்கும். அதையும் எழுதி வைக்கிறேன்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் ஏதேனும் மாற்றம் என்றால் பிள்ளையின் ஆசிரியருக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். விவரம் எல்லாம் வேண்டாம். ‘இந்த வாரம் பிள்ளையைக் கொஞ்சம் கவனியுங்கள்’ என்றால் போதும்.

அந்த நிழற்படம் இப்போது என்னிடம் இருக்கிறது. அந்தத் துணைப்படை பிற்காலத்தில் கலைக்கப்பட்டது. 1958இல் நாட்டிற்கென விமானப்படை பிறந்தது. சுங்கை பீசி திடலிலிருந்தும் 2018இல் விமானப்படை வெளியேறிவிட்டது. பெரியப்பாவின் பெயர் எந்த வரலாற்று நூலிலும் இல்லை. யாரும் வராத வானத்தைச் சில ஆண்டுகள் கவனமாகப் பார்த்தார். வந்து என்னிடம் சொன்னார். நாளை காலை மீண்டும் பதிவேட்டைத் திறக்க வேண்டும்.