பெருநாளுக்கு முன் ஒரு புறப்பாடு



திருச்செந்தூருக்கு வடக்கே, கடலை ஒட்டி அமைந்த காயல்பட்டினம் எங்கள் ஊர். திருமணத்திற்குப் பின்னும் பெண் தன் தாய்வீட்டிலேயே வாழ்வதும், மாப்பிள்ளை அங்கு வந்து சேர்வதும் எங்களூர் வழக்கம் என்பதை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏழாம் மாதத்தில் மகளைப் பிரசவத்திற்கு அழைத்து வரும் பேச்சே எங்களுக்குக் கிடையாது. அவள்தான் வீட்டிலேயே இருக்கிறாளே! அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான், என் மகளின் தலைப்பிரசவத்திற்காகப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் கனடா நாட்டின் டொராண்டோ நகருக்குச் செல்ல நேர்ந்தது. அந்தப் பயணத்தையும் அதற்கு முன் எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதங்களையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். உங்கள் வீட்டிலும் வெளிநாட்டுக் குடியேற்றத் தாள் ஒருபுறமும் மகப்பேறு மறுபுறமும் ஒரே காலத்தில் வந்து நிற்கக்கூடும்.

என் மகளும் மருமகனும் 2017ஆம் ஆண்டிலேயே கனடாவில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பித்திருந்தார்கள். 2018 ஜனவரியில் மருத்துவப் பரிசோதனை முடிந்தது. பதினோரு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் நெஞ்சுக்கூட்டு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. கருவுற்ற பெண் விரும்பினால் பிரசவம் முடியும்வரை அதைத் தள்ளிவைக்கலாம். ஆனால் அதுவரை விண்ணப்பமும் நகராது. நல்லவேளையாக, என் மகள் கருவுறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது.

அவ்வாண்டு நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில் விசா வந்தது. அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். வீடே மகிழ்ந்தது. பிறகு அந்தத் தாளில் அச்சிட்டிருந்த கடைசித் தேதியைப் பார்த்தோம். 2019 ஜனவரி! மருத்துவப் பரிசோதனை 12 மாதங்களுக்கே செல்லும் என்பதால், குடியேற்ற அனுமதியும் பெரும்பாலும் அந்தத் தேதியோடு முடிந்துவிடுகிறது. அதற்குள் கனடா மண்ணில் காலடி வைத்து, அதிகாரியின் முன்னிலையில் கையெழுத்திட்டாக வேண்டும். பிரசவத்திற்கு மருத்துவர் குறித்திருந்ததோ நவம்பர் 17.

ஒரு தாய்க்கு என்ன தோன்றும்? "பிள்ளை இங்கே பிறக்கட்டும். நாற்பது நாள் கழியட்டும். டிசம்பர் கடைசியில் மூவரும் விமானம் ஏறுங்கள்" என்றேன் நான். இதில் என்ன தவறு என்று எனக்கு அன்று விளங்கவில்லை. மருமகன் பொறுமையாக விளக்கினார். "மாமி, பிள்ளை வயிற்றில் இருக்கும்வரை அதற்குத் தாள் எதுவும் வேண்டியதில்லை. பிறந்துவிட்டால் அதுவும் ஒரு விண்ணப்பதாரர் ஆகிவிடும்" என்றார்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. பெற்றோர் விசா பெற்ற பின், கனடா சென்று இறங்குவதற்கு முன் குழந்தை பிறந்தால், அதை உடனே குடியேற்ற அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, மருத்துவப் பரிசோதனை, விசா ஆகிய அனைத்தும் தேவை. நவம்பர் நடுவில் பிறக்கும் குழந்தைக்கு ஜனவரிக்குள் இவையெல்லாம் கைக்கு வருமா? வராமல் போனால் பெற்றோரின் விசாவும் காலாவதியாகி, மருத்துவப் பரிசோதனையிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டிவரும்.

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நின்று கவனியுங்கள். தாமதத்திற்கு அஞ்சி, பிறந்த குழந்தையைப் பற்றி வாய் திறக்காமல் பெற்றோர் மட்டும் போய் இறங்கிவிட்டு, "பிள்ளையைப் பிறகு அழைத்துக்கொள்ளலாம்" என்று எண்ணுகிறவர்கள் உண்டு. இறங்கும்போது அறிவிக்காமல் மறைத்த பிள்ளையைக் குடும்ப உறவின் பெயரால் பின்னர் அழைத்துக்கொள்ள அந்நாட்டு விதி இடம் தருவதில்லை. இதனால் பல ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம். 2019இல் இத்தகையோருக்குத் தற்காலிகச் சலுகை ஒன்றை அரசே அறிவிக்க வேண்டியதாயிற்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

என் இரண்டாவது யோசனை, மருமகன் மட்டும் முதலில் போய் இறங்குவது. முதன்மை விண்ணப்பதாரர் அவர்தான் என்பதால் அதற்குத் தடையில்லை. ஆனால் மனைவியின் விசா காலாவதியானால், மனைவிக்கும் பிள்ளைக்கும் அவர் அங்கிருந்து புதிதாக விண்ணப்பித்து ஓராண்டளவு காத்திருக்க வேண்டியிருக்கும். நான் மனத்திற்குள் இதைத்தான் விரும்பினேன். மகளும் பேரப்பிள்ளையும் இன்னும் ஓராண்டு என்னோடு இருப்பார்களே! என் மகள் என் முகத்தைப் பார்த்தே அதைக் கண்டுகொண்டாள். "உம்மா, தன் பிள்ளையின் முதல் வயதை இவர் படத்தில் பார்க்க வேண்டுமா?" என்று கேட்டாள். என் பிள்ளைகள் பிறந்த காலத்தில் அவர்களுடைய வாப்பா கொழும்பில் இருந்தார். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே பிரசவத்திற்கு முன்பே புறப்படுவது என்று முடிவாயிற்று. எப்போது என்பதே அடுத்த கேள்வி. அவ்வாண்டு ஹஜ்ஜுப் பெருநாள் ஆகஸ்ட் 22. பெருநாளை ஊரில் கொண்டாடிவிட்டு, உறவினர் அனைவரிடமும் ஸலாம் சொல்லிப் புறப்படலாம் என்பது எங்கள் அனைவரின் ஆசை. இங்கேதான் மற்றொரு முடிச்சு இருந்தது. டொராண்டோ நகரம் ஒண்டாரியோ மாகாணத்தைச் சேர்ந்தது. அம்மாகாணத்தில் குடியிருப்போருக்கு மருத்துவமனைச் செலவை அரசு காப்பீடே ஏற்கும். ஆனால் புதிதாகக் குடியேறியவர்கள் அந்நாளில் மூன்று மாதம் காத்திருந்த பிறகே அக்காப்பீடு கிடைத்தது. காப்பீடு இல்லாமல் மருத்துவமனையில் பிரசவம் பார்த்தால் பல ஆயிரம் டாலர் கட்ட நேரிடும்; அறுவைச் சிகிச்சை என்றால் தொகை இன்னும் கூடும். பெருநாள் முடித்துப் புறப்பட்டால் காப்பீடு நவம்பர் இறுதியில்தான் தொடங்கும். ஆகஸ்ட் 3இல் இறங்கினால் நவம்பர் 3. குறித்த நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாக!

விமானத்திற்கும் ஒரு கணக்கு உண்டு. பெரும்பாலான நிறுவனங்கள் 28 வாரத்திற்குப் பின் மருத்துவரின் கடிதம் கேட்கின்றன. 36 வாரத்திற்குப் பின் ஏற்றிக்கொள்வதில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் என் மகளுக்கு 25ஆம் வாரம். சென்னையிலிருந்து வளைகுடா வழியாகச் செல்லும் பயணத்தில், இரண்டாவது விமானம் மட்டுமே ஏறத்தாழ 14 மணி நேரம் பறக்கிறது. நீண்ட நேரம் அசையாமல் அமர்ந்தால் கருவுற்ற பெண்ணுக்குக் காலில் இரத்தம் உறையும் ஆபத்து அதிகம். அதனால் மணிக்கொரு முறை எழுந்து நடக்கவும், இறுக்கமான காலுறை அணியவும், நிறையத் தண்ணீர் அருந்தவும் மருத்துவர் அறிவுறுத்தினார்.

அவள் இழந்ததையும் சொல்ல வேண்டும் அல்லவா? சென்னையில் ஒரு நிறுவனத்தின் பணியில் இருந்தாள். 2017இல் திருத்தப்பட்ட சட்டப்படி 26 வார மகப்பேற்று விடுப்பு சம்பளத்துடன் கிடைத்திருக்கும். அதை விட்டுவிட்டுப் போனாள். கனடாவிலும் மகப்பேற்று உதவித்தொகை உண்டு. ஆனால் அதற்கு முந்தைய 52 வாரங்களில் அங்கே 600 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். நேற்று வந்து இறங்கியவளுக்கு அது எப்படிக் கிடைக்கும்?

பெருநாள் அன்று எங்கள் வீட்டில் நான் சமைத்தேன். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. டொராண்டோவில் ஒருநாள் முன்னதாகவே பெருநாள் முடிந்திருந்தது.

அக்டோபர் நடுவில் பார்வையாளர் விசாவில் நான் போய்ச் சேர்ந்தேன். பெட்டியில் சுக்கு, திப்பிலி, மிளகு, பிரசவ லேகியம் எல்லாம் இருந்தன. உணவுப் பொருள் கொண்டு வந்திருப்பதாகப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். அதிகாரி ஒருவர் லேகியத்தை முகர்ந்து பார்த்து, என்னவென்று கேட்டு, புன்னகையோடு மூடித் தந்துவிட்டார். நீங்களும் மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

அவர்கள் குடியிருந்த பகுதியின் பெயர் தார்ன்கிளிஃப் பார்க். ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடலாக இருந்த இடமாம். பந்தயம் நின்று, திடலின்மேல் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. கிராண்ட்ஸ்டாண்ட், மைல்போஸ்ட் என்று தெருப் பெயர்களில் மட்டும் பந்தயம் மிச்சமிருக்கிறது. உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்த மக்கள் அங்கே வசிக்கிறார்கள். பாகிஸ்தானியரும் ஆப்கானியரும் மிகுதி. மின்தூக்கிக்குள் நுழைந்தால் யாரேனும் ஒருவர் ஸலாம் சொல்வார். ஹலால் இறைச்சி நடந்துபோகும் தூரத்தில் கிடைத்தது. தமிழ்க் கடைகளுக்கு மட்டும் ஸ்கார்பரோ வரை பேருந்தில் போக வேண்டும். அங்கே இலங்கைத் தமிழர்களின் கடைகளில் முருங்கைக்கீரை முதல் கருவாடு வரை எல்லாம் இருந்தன. பிள்ளைத்தாய்ச்சிக்குப் பால்சுறாவும் வாங்கினேன்!

கட்டடங்களுக்குப் பின்புறம் டான் ஆற்றின் பள்ளத்தாக்கு இறங்குகிறது. அக்டோபரில் அங்குள்ள மேப்பிள் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நிற்கும் காட்சியை எழுதிக் காட்ட என்னால் இயலாது. மகளும் நானும் தினமும் மாலையில் அங்கே நடந்தோம்.

அவளைக் கவனித்துவந்தது மகப்பேற்று மருத்துவர் அல்லர், மருத்துவச்சி. முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை. 'இத்தனை தூரம் வந்தது மருத்துவச்சியிடம் பிள்ளை பெறவா?' என்று நினைத்தேன். ஆனால் ஒண்டாரியோவில் மருத்துவச்சி என்பவர் நான்காண்டு பட்டப்படிப்பு முடித்து, உரிமம் பெற்றவர். 1994 முதல் அரசே அவர்களுக்கு ஊதியம் வழங்குகிறது. காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், அம்மாகாணத்தில் குடியிருந்தால் அவர்களுடைய சேவை இலவசம். பிரசவத்தை மருத்துவமனையிலும் பார்ப்பார்கள். தாய் விரும்பினால் வீட்டிலும் பார்ப்பார்கள். இதை அறிந்தே என் மகள் விசா கைக்கு வந்த வாரத்திலேயே ஊரிலிருந்து கடிதம் எழுதி இடம் கேட்டிருந்தாள். அவர்களுக்கு நெருக்கடி மிகுதி. காலம் தாழ்த்தினால் இடம் கிடைப்பது அரிது.

நவம்பர் 3 வரட்டும், காப்பீடு தொடங்கட்டும், பிறகு மருத்துவமனையில் பிரசவம் என்று திட்டமிட்டிருந்தோம். அக்டோபர் 30 அன்று அதிகாலையில் வலி எடுத்துவிட்டது! நான்கு நாள் முன்னதாக. மருமகனின் முகம் வெளிறிப்போயிற்று. பெருநாளைக்கூட விட்டுவிட்டு வந்து பார்த்த கணக்கு அல்லவா?

ஏழு மணிக்கு மருத்துவச்சி வந்தார். பரிசோதித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: 37 வாரம் கடந்துவிட்டது, குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக உள்ளது, தாய் விரும்பினால் வீட்டிலேயே பார்க்கலாம், சிறு ஐயம் ஏற்பட்டாலும் ஆம்புலன்ஸை அழைப்பேன், மருத்துவமனை பத்து நிமிடத் தொலைவில்தான், அப்போது பணத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது. அந்தக் கடைசி வார்த்தையை மருமகனைப் பார்த்துச் சொன்னார். என் மகள் என்னைப் பார்த்தாள். "உம்மா, நீங்கள் எங்கே பிறந்தீர்கள்?" என்றாள். நானும் என் சகோதரிகளும் காயலில் எங்கள் வீட்டு உள்ளறையில் பிறந்தவர்கள். அது அவளுக்கும் தெரியும்.

பிற்பகலில் இன்னொரு மருத்துவச்சியும் வந்து சேர்ந்தார். பிராணவாயுக் குப்பியும், உதிரப்போக்கை நிறுத்தும் மருந்தும், குழந்தைக்கு மூச்சூட்டும் கருவியும் மேசைமேல் வரிசையாக இருந்தன. எங்கள் ஊர் மருத்துவச்சிகளிடம் இவையெல்லாம் இருந்திருந்தால் எத்தனை தாய்மார் பிழைத்திருப்பார்கள் என்று அந்த வேதனையின் நடுவிலும் நினைத்துக்கொண்டேன். அஸர் நேரத்தில், பதினான்காம் மாடியில், என் பேத்தி பிறந்தாள். அல்ஹம்துலில்லாஹ்! மருமகன் அவள் வலது காதில் பாங்கு சொன்னபோது அவர் குரல் நடுங்கியது. மருத்துவச்சிகள் இருவரும் அசையாமல் நின்று கேட்டார்கள். அடுத்த வாரம் முழுவதும் அவர்களே வீடு தேடி வந்து தாயையும் சேயையும் பார்த்துச் சென்றார்கள்.

ஒருவேளை மருத்துவமனைக்குப் போக நேர்ந்திருந்தால்? மருமகன் அதற்கென ஒரு தொகையை ஒதுக்கித் தொடாமல் வைத்திருந்தார் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். எத்தனை கணக்குப் போட்டாலும் அப்படியொரு தொகை கையில் இல்லாமல் யாரும் புறப்பட வேண்டாம். அந்த மூன்று மாதக் காத்திருப்பை ஒண்டாரியோ 2020 மார்ச்சில் நீக்கிவிட்டது. ஆனால் மாகாணத்திற்கு மாகாணம் விதி வேறு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்து சேர்ந்த மாதத்தின் மீதி நாட்களோடு மேலும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். ஆகவே எந்த ஊரில் இறங்கப் போகிறீர்களோ, அந்த மாகாணத்தின் விதியைப் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் நான் ஊர் திரும்பினேன். 2019 டிசம்பரில் அவர்கள் மூவரும் விடுமுறைக்கு வந்தார்கள். கனடாவில் பிறந்ததால் பேத்தி அந்நாட்டுக் குடிமகள். நம் நாட்டுச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. எனவே வெளிநாடு வாழ் இந்தியக் குடிமக்களுக்கான அட்டை வாங்கித்தான் அவளை அழைத்து வந்தார்கள். இரண்டு நாட்டுக் கடவுச்சீட்டும் ஒரே நீல நிறம். எது யாருடையது என்று தெரியாமல் நான் தடுமாற, என் மகள் சிரித்தாள். பேத்தியோ அதற்குள் வாசலைத் தாண்டி, பெண்கள் நடமாடும் எங்கள் முடுக்கில் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தாள்.