80 சதவீதம்னா வேலைன்னு நினைச்சீங்களா?

விருத்தாசலம்னா கோயிலும் மணிமுத்தாறும் மட்டும் இல்லீங்க, பீங்கானும்தான். அங்க என் சித்தப்பாவுக்கு ஒரு சின்ன பட்டறை. பொம்மை, அகல் விளக்கு செய்யறார். 2014-ல ஒரு நாள் போன். "பில்லு போடற லேப்டாப் நகரவே மாட்டேங்குதுடா. சித்தி வளையலை வச்சு புதுசு வாங்கிடலாம்னு இருக்கேன். எது வாங்கலாம்?"

போய்ப் பார்த்தேன். விண்டோஸ் 7. எக்செலும் ஒரு பிரவுசரும்தான் ஓடுது, டாஸ்க் மேனேஜர்ல சிபியு 80 சதவீதம்! நானும் பெரிய நிபுணன் மாதிரி "வயசாயிடுச்சு சித்தப்பா, மாத்திடுங்க"ன்னுட்டேன். (நல்லவேளை, அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. அடகுக் கடை லீவு.)

சாயங்காலம் சும்மா ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்தா, 'மேக்ஸிமம் ஃப்ரீக்வென்ஸி 33%'னு ஒரு வரி. தூக்கிவாரிப் போட்டுச்சு. 2.4 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர், 0.8-ல தவழ்ந்துகிட்டு இருக்கு!

விஷயம் இதுதாங்க. அந்த 80, நூறு நொடியில எத்தனை நொடி பிராசஸர் சும்மா இல்லாம இருந்துச்சுங்கற கணக்கு. அப்ப எந்த வேகத்துல ஓடுச்சுன்னு அது கேக்கறதே இல்ல. வேகத்தையும் சேர்த்தா மூணுல ஒரு பங்கு, 27 கூட வராது. (மெமரிக்காகக் காத்துக் கிடக்கற வேலைன்னா கணக்கு இவ்வளவு சுத்தமா வராது.) பிராசஸர் எப்பவும் ஒரே வேகத்துல ஓடின காலத்துல இந்தச் சிக்கல் இல்ல. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைக்கற இன்டெல் ஸ்பீட்ஸ்டெப் 2000-ல வந்துச்சு, வேகத்தைக் கூட்டற டர்போ பூஸ்ட் 2008-ல. கணக்கு கோணிப்போச்சு.

2012-ல வந்த விண்டோஸ் 8 டாஸ்க் மேனேஜர் வேகத்தையும் சேர்த்துக்க ஆரம்பிச்சது. டர்போவுல அந்தக் கணக்கு நூறைத் தாண்டும், காட்டறப்ப மட்டும் நூறோட நிறுத்திக்கும். லினக்ஸ் 'டாப்' இன்னிக்கும் நேரக் கணக்குதான்.

சித்தப்பாகிட்ட சொன்னேன். சிரிச்சார். "இதுக்குத்தாண்டா நாங்க பீஸ் ரேட்டு வச்சிருக்கோம். நாள் பூரா தலை நிமிராம உக்காந்திருந்தா போதுமா? எத்தனை பொம்மைன்னு எண்ண வேணாமா?"

பவர் ஆப்ஷன்ஸ்ல உச்ச வேகத்தை நூறாக்கினேன். அதே வேலைக்கு முப்பதுக்குக் கீழ வந்துடுச்சு. சித்தி வளையல் கையிலயே நின்னுச்சு.

சரி, வேகத்தைக் குறைச்சது யாரு? 2012 கரண்ட் கட் சமயத்துல, பேட்டரி கொஞ்ச நேரம் கூட நிக்கட்டுமேன்னு அதை மூணுல ஒரு பங்காக்கிட்டு, திருப்பி மாத்த மறந்த புண்ணியவான் நான்தான். சித்தப்பாகிட்ட இதை இன்னும் சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க மக்களே! :-)