வயிற்றிலிருந்து கத்துகிறவர்கள்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் பக்கம் போனால் மூக்குக்கு முன்னால் காது நிரம்பிவிடும். விடியலில் தொடங்கி உச்சிவேளைவரை வஞ்சிரம், சங்கரா என்று கூவியும் தொண்டை கட்டாத ஓர் அம்மாவிடம் அது எப்படி என்று கேட்டேன். “தொண்டையிலயா தம்பி கத்துறேன்? வவுத்துலேருந்து இல்ல கத்துறேன்!” என்றார். பாட்டு வாத்தியார்கள் இதையே நாபி என்று மரியாதையாகச் சொல்வார்கள். தொல்காப்பியத்தின் பிறப்பியலும் உந்தியிலிருந்து கிளம்பும் காற்றைத்தான் முதலில் வைக்கிறது.

இந்த ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்கு குரல் பிறக்கும் விஷயத்தில் இரண்டு முறை சறுக்கியிருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை இங்கே நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த காலம், 1741. பாரிஸில் அந்துவான் ஃபெரேன் என்ற உடற்கூறு அறிஞர், பிணத்திலிருந்து எடுத்த குரல்வளைக்குள் காற்றை ஊதினார். ஒலி வந்தது. செத்தவன் குரலைக் கேட்ட அன்று ராத்திரி எப்படித் தூங்கினாரோ! உள்ளே இருப்பவை வயலின் தந்திகள், மூச்சுதான் அவற்றை இழைக்கும் வில் என்று முடிவுகட்டினார். முறுக்கு ஏறினால் சுருதி ஏறும் என்றது சரி. தந்தி, வில் என்ற கணக்குதான் உதைத்தது.

நம் ஊர் நாதஸ்வரச் சீவாளியை அவர் பார்த்திருந்தால் இன்னும் கிட்டே வந்திருப்பார். குரல்வளைக்குள் இருப்பவை ஈரமான இரண்டு சதை மடிப்புகள். ஆண்களுக்கே ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர்தான். பெண்களுக்கு அதைவிடச் சிறியவை. பேச நினைத்ததும் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கீழே நுரையீரல் காற்று முட்டும். அழுத்தம் ஏறியதும் மடிப்புகளின் கீழ் விளிம்பு முதலில் விலகும், பிறகு மேல் விளிம்பு. ஒரு வாய் காற்று வெளியே தெறிக்கும். உடனே அழுத்தம் தணிய, மடிப்புகள் தம் இழுவிசையால் திரும்பி மூடிக்கொள்ளும். ஆண் குரலில் இது நொடிக்கு ஏறக்குறைய 120 தடவை, பெண் குரலில் 200-க்கும் மேல். அங்கே பிறப்பது வெறும் ரீங்காரம்தான். அதை அகரமாகவும் இகரமாகவும் பிரிப்பது தொண்டையும் நாக்கும் உதடும்.

இரண்டாவது சறுக்கல் 1950-ல், பிரெஞ்சுக்கொடி இங்கே பறந்த கடைசி வருடங்களில். ராவுல் யூசோன் என்பவர், ஒவ்வொரு அதிர்வையும் மூளை நரம்பு வழியாக ஆணையிட்டு நடத்துகிறது, காற்று வேலைக்காரன்தான் என்று வாதாடினார். நொடிக்கு ஆயிரம் அதிர்வு தொடும் உச்சஸ்தாயிக்கு எந்த நரம்பு ஈடுகொடுக்கும்? கழுத்தில் துளை போட்டுச் சுவாசிக்கும் நோயாளிக்கு நரம்பு நன்றாகவே இருக்கலாம். துளையை விரலால் மூடி மூச்சை மேலே திருப்பினால்தான் குரல் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, நரம்புத் தொடர்பே அறுந்த குரல்வளையை ஊதி ஒலி எழுப்பிய ஃபெரேன் இவருடைய நாட்டுக்காரர். இரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய அந்தச் சோதனையை நினைத்துப் பார்த்திருந்தாலே போதும். 1958-ல் வான் டென் பெர்க் என்ற டச்சுக்காரர் காற்றழுத்தமும் மடிப்பின் இழுவிசையும் சேர்ந்தே குரல் என்று நிறுவினார். 1693-ல் புதுச்சேரியைப் பிடித்த டச்சுக்காரர்கள் சில வருடங்களில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்; இந்த வெற்றியைத் திருப்பித் தரவில்லை.

பள்ளிக்கூட வாத்தியாரான என் அண்ணனுக்குக் குரல் கம்மியபோது இதையெல்லாம் திரையில் பார்த்தேன். காது மூக்கு தொண்டை மருத்துவர் விட்டுவிட்டு மின்னும் விளக்கோடு குழாயை உள்ளே விட்டார். அந்த வெளிச்சத்தில் மடிப்புகள் மெதுவாக அலையடிப்பதுபோலத் தெரிந்தன. இரண்டும் உரசும் இடத்தில் காய்ப்பு போல ஒரு சிறு முடிச்சு. அதனால் சரியாக மூட முடியாமல் காற்று கசிகிறது, குரல் கரகரக்கிறது. தொண்டையை இறுக்கிக் கத்தியதன் கூலி. அறுவை வேண்டாம், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், தண்ணீர் குடியுங்கள், வகுப்பில் கத்தாதீர்கள் என்றார் மருத்துவர்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கத்தாமல் கணக்குச் சொல்லித்தர முடியுமா? அண்ணன் இடுப்பில் கட்டும் சின்ன ஒலிபெருக்கி ஒன்று வாங்கிவிட்டார். இப்போது பக்கத்து வகுப்பு வாத்தியார்தான் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கத்துகிறாராம்.