ஓடுற பெல்ட்டுல கை வைக்காதே!

நெய்வேலி டவுன்ஷிப்பில் 'டிரைவர்' என்றால் எல்லோருக்கும் தெரிந்தவர்கள் இரண்டு பேர். சுரங்கத்தில் டம்பர் ஓட்டுகிறவர் ஒருத்தர், ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர் இன்னொருத்தர். இப்போது மூன்றாவதாக ஒருத்தர் சேர்ந்திருக்கிறார். காக்கிச்சட்டை கிடையாது, லைசென்ஸ் கிடையாது, ஆனால் மக்கர் பண்ணுவதில் முதல் இரண்டு பேரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கும் கிராஃபிக்ஸ் டிரைவரைத்தான் சொல்கிறேன்.

பாண்டிச்சேரியில் துய்ப்ளே துரைக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்தார் இல்லையா, அதே உத்தியோகம்தான் இவருக்கும். விண்டோஸ் பேசுவது கிராஃபிக்ஸ் கார்டுக்குப் புரியாது. நடுவில் நின்று மொழிபெயர்ப்பவர் டிரைவர். ஆபீஸில் லெட்டர் அடிக்கிறவரைக்கும் துபாஷி கொஞ்சம் உளறினாலும் தெரியாது. வீடியோ எடிட்டிங்கில் அப்படியில்லை. படத்தைப் பிரிப்பது, கலர் சரி பண்ணுவது, கடைசியில் ஃபைலாக வெளியே எடுப்பது எல்லாவற்றுக்கும் கார்டைத்தான் கூப்பிட வேண்டும். துபாஷி ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், சாம்ராஜ்யம் கவிழ்ந்துவிடும்.

என் மைத்துனனுக்குப் பகலில் ஆபீஸ், ராத்திரியில் எடிட்டிங். போன வருஷம் அவன் அப்பா, அதாவது என் மாமனார், ரிடையர் ஆனார். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்தவர். விழாவில் போட்டுக்காட்ட, அவருக்குத் தெரியாமல் ஒரு வீடியோ தயார் பண்ணினான். அதில் விசேஷம், பழைய கேசட்டிலிருந்து எடுத்த முப்பது செகண்ட். என் மாமியார் பேசுகிறார். அவர் போய் ஆறு வருஷமாகிறது. அந்தக் குரல் வேறெங்கும் கிடையாது.

விழாவுக்கு முந்தின ராத்திரி, 'புதிய டிரைவர் ரெடி' என்று திரை மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. ஓசியில் வருவதை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் நம் பரம்பரையிலேயே இல்லை. பையன் அமுக்கிவிட்டான்!

அவ்வளவுதான். எக்ஸ்போர்ட் பாதி தூரம் போகும், திரை கறுக்கும், சாஃப்ட்வேர் கும்பிடு போட்டுவிட்டு வெளியே போய்விடும். நாலு தடவை இதே கதை. எந்தக் கம்பெனி கார்டு என்று கேட்காதீர்கள், எதற்கு வம்பு? மணி பன்னிரண்டரை. தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மாமா, பையன் முகத்தைப் பார்த்தார்.

"என்னடா மாத்தினே?"

"டிரைவரைப்பா."

"மாத்தறதுக்கு முன்னாடி ஓடிச்சா?"

"ஓடிச்சு."

"அப்ப பழசையே திருப்பிப் போடு. ஓடுற பெல்ட்டுல எவனாவது கை வைப்பானா?"

டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து, 'ரோல் பேக் டிரைவர்' பட்டனை அமுக்கி, ரீஸ்டார்ட் பண்ணினோம். ரெண்டு மணிக்கு வீடியோ வெளியே வந்தது. மறுநாள் சாயங்காலம் அந்த முப்பது செகண்டும் மாமா கண்ணாடியைக் கழற்றவே இல்லை. கழற்றினால் துடைக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

பையன் அன்றைக்கே சபதம் போட்டான்: "இனிமே டிரைவரைத் தொடவே மாட்டேன்!"

மாமா விடவில்லை. "அதுவும் தப்புடா. பராமரிப்பே பண்ணாம விட்டா ரோலர் இறுகி பெல்ட்டே கிழிஞ்சிடும். நாள் குறிச்சு நிறுத்தி வச்சுட்டுக் கை வைக்கணும்."

வாஸ்தவம்தான். எடிட்டிங் சாஃப்ட்வேரின் புது வெர்ஷன், 'உன் டிரைவர் பழசு' என்று முரண்டு பிடிக்கும். பழைய டிரைவரில் பாதுகாப்பு ஓட்டைகளும் இருக்கும். அதற்காக அவசரமும் ஆகாது. 2024 ஜூலை 19-ம் தேதி ஞாபகமிருக்கிறதா? விண்டோஸின் அடிவயிற்றில் டிரைவர் மாதிரியே உட்கார்ந்திருக்கும் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேருக்கு ஒரு கோளாறான அப்டேட் வந்தது. சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்!

ஆகவே, மாமா மெக்கானிசம் இதுதான். ஒரு ஆர்டரை டெலிவரி கொடுத்து, அடுத்ததை ஆரம்பிப்பதற்கு முன்னால் இருக்கும் ஒரு நாள்தான் பராமரிப்பு ஷிஃப்ட். இப்போது ஒழுங்காக ஓடும் டிரைவரின் நம்பரை ஒரு சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டுங்கள். அதன் இன்ஸ்டால் ஃபைலையும் பத்திரப்படுத்துங்கள். ரோல் பேக் பட்டன் சில சமயம் மங்கிப்போய் வேலை செய்யாது. என்விடியா கார்டு என்றால் 'ஸ்டூடியோ டிரைவர்' என்று தனியாக 2019-லிருந்து இருக்கிறது. கேம் ஆடுகிறவர்களுக்கு அடிக்கடி வருவதைப் போலில்லாமல், எடிட்டிங் மாதிரி வேலைகளுக்காகவே சோதித்து வருவது. போட்டு முடித்ததும் பழைய வீடியோ ஒன்றை எக்ஸ்போர்ட் பண்ணிப் பாருங்கள்.

மற்றபடி, தாலி கட்டுகிற நேரத்தில் ஐயரை மாற்றுகிற வேலை மட்டும் வேண்டாம்!